வீட்டுக்கும் ஒரு விடையாற்றி



பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்த பிறகு இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிறது. இப்போது உங்கள் வீடு எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. கொண்டுவந்த பை இன்னும் முழுசாகப் பிரிக்காமல் ஹாலிலேயே கிடக்கும். ஆச்சி கட்டிக்கொடுத்த முருங்கைக்காய் பிரிட்ஜில் வாடிக்கொண்டிருக்கும். துவைக்க வேண்டிய துணி ஒரு மூட்டை. பால்கனி மூலையில் கடைசிக் கரும்புத் துண்டு.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. சண்டை சச்சரவு ஏதும் இல்லை. ஆனாலும் வீட்டில் ஒருவர் முகத்திலும் தெளிச்சி இல்லையே, ஏன்?

சின்னவன் ஸ்கூலுக்குக் கிளம்ப அழுகிறான். பத்தாவது படிக்கும் பெண் எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறாள். அப்பா போனில் வந்த பேங்க் மெசேஜைப் பார்த்துவிட்டுப் பேச்சைக் குறைத்துவிட்டார். அம்மாவுக்கு அடுப்படிப் பக்கம் போகவே மனசில்லை. "நல்லாத்தானே போயிட்டு வந்தோம், இப்ப என்ன வந்துச்சு எல்லாருக்கும்?" என்று யாராவது கேட்டால், அதுவே ஒரு சண்டைக்குத் தொடக்கமாகிறது.

இந்த முறை இதைப் பற்றித்தான் உங்களோடு பேச நினைக்கிறேன். பிள்ளையின் அழுகையை அடம் என்கிறோம். பெண்ணின் கோபத்தைத் திமிர் என்கிறோம். கணவரின் மௌனத்தை அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் நான்கு பேருக்கும் வந்திருப்பது ஒன்றுதான். பண்டிகை முடிந்ததும் மனசு கீழே இறங்குகிறது. ஆளுக்கொரு முகத்தோடு அது வருவதால் நமக்கு அடையாளம் தெரியவில்லை. ஒருவர் மேல் ஒருவர் குறைபட்டுக்கொள்கிறோம்.

நம் கோயில்களில் ஓர் அருமையான வழக்கம் உண்டு. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதிகார நந்தி, தேர், அறுபத்து மூவர் என்று மாடவீதிகள் கொள்ளாத கூட்டம். பத்தாம் நாள் திருக்கல்யாணத்தோடு விழா நிறைவடைகிறது. ஆனால் மறுநாளே கோயில் வழக்கமான நாளுக்குத் திரும்பிவிடுவதில்லை. அடுத்து விடையாற்றி தொடங்குகிறது. இத்தனை நாள் வெயிலிலும் கூட்டத்திலும் வீதியுலா வந்த சாமிக்குக் களைப்பு தீர வேண்டாமா? மாலையானால் நாகஸ்வரம், பாட்டுக் கச்சேரி. நெருக்கடி இல்லை, அவசரம் இல்லை. சில நாள் இப்படிப் போன பிறகுதான் விழாக்காலம் முழுசாக விடைபெறுகிறது.

சாமிக்கே இளைப்பாற நாள் ஒதுக்கியவர்கள் நம் முன்னோர். நாம் என்ன செய்கிறோம்? ஞாயிறு ராத்திரி திருநெல்வேலியில் சென்னை பஸ் ஏறுகிறோம். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். விடியற்காலையில் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கி, பைகளையும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேரும்போது பால் பாக்கெட் வாசலில் காத்திருக்கும். ஒரு குளியல், ஒரு காபி, ஒன்பது மணிக்கு ஆபீஸ். பிள்ளைகள் அதே கண்ணோடு ஸ்கூல் வேனில். இப்படித் திரும்பி வந்தால் மனசு சுணங்காமல் என்ன செய்யும்?

"எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தக் காலத்துப் பண்டிகைக்குள்ளேயே மெல்ல இறங்குவதற்குப் படிகள் இருந்தன. பெரும் பொங்கல் முடிந்தால் மாட்டுப் பொங்கல். அது முடிந்தால் காணும் பொங்கல். அன்றைக்குப் பெரிய சமையல் கிடையாது. புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார்கள். திருநெல்வேலிப் பக்கம் பொங்கல் விருந்தில் மிஞ்சிய குழம்பையும் கறிகளையும் ஒன்றாகச் சுண்ட வைத்து, மறுநாள் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வார்கள். சுண்டக்கறியின் ருசி தெரிந்தவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். சமைத்தவளுக்கும் அன்றைக்கு அடுப்பிலிருந்து பாதி விடுதலை. விருந்துக்கு வந்தவர்களும் ஒரே நாளில் கிளம்பவில்லை. ஒருவர் இன்றைக்கு, இன்னொருவர் நாளைக்கு என்று வீடு மெதுவாகத்தான் காலியானது. பெரும்பாலானவர்களுக்குப் பண்டிகை நடந்த ஊரும் வேலை செய்த ஊரும் ஒன்றாகவே இருந்தன.

அந்தப் படிகள் இப்போது இல்லை. மாடியிலிருந்து நேரே தரைக்குக் குதிக்கிறோம்.

நெதர்லாந்தில் செய்த ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. 1,530 பேரிடம் கேட்டார்கள்; அவர்களில் 974 பேர் விடுமுறைப் பயணம் போய்வந்தவர்கள். பயணத்துக்கு முன்னால், அதை எதிர்பார்த்திருந்த நாட்களில், போகாதவர்களைவிட அவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பயணத்தில் மிகவும் நிம்மதியாக ஓய்வெடுத்தவர்களுக்கு மட்டுமே அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள் ஒட்டியிருந்தது.

இதைப் படித்தபோது நம் வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. ரிசர்வேஷன் திறந்த அன்று காலையிலேயே டிக்கெட் எடுத்தோமே, அன்றைக்கு இருந்த குதூகலம்! பிள்ளைகள் காலண்டரில் நாள் எண்ணியது, புதுத்துணியை ரெண்டு தடவை போட்டுப் பார்த்தது, "ஆச்சி, எனக்கு அதிரசம் சுட்டு வைங்க" என்று போனில் சொன்னது. பண்டிகை கொடுக்கும் சந்தோஷத்தில் பாதி அந்தக் காத்திருப்பில் இருக்கிறது. அது தீர்ந்துபோனதும், அடுத்து எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்ற வெறுமை வருகிறது. அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

நிம்மதியாக ஓய்வெடுத்தவர்களுக்கு என்று சொன்னேன் அல்லவா? நம் வீட்டில் அப்படி ஓய்வெடுத்தவர் யார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நிச்சயமாக அம்மா இல்லை. மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதே வேலையில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். வழக்கமான நாட்களின் கணக்கு இது. பதினைந்து பேர் கூடிய மாமியார் வீட்டில், மூன்று நாள் பொங்கலுக்கு எத்தனை நிமிடம் ஆகும்? வெள்ளையடித்த வீட்டைக் கழுவுவது, விடிவதற்கு முன் கோலம், பந்தி பந்தியாகச் சாப்பாடு, பாத்திரம், வந்தவர்களுக்குப் பாய் விரிப்பது, போகிறவர்களுக்குப் பொட்டலம் கட்டுவது.

இதற்கிடையில் தன் பிறந்த வீட்டுக்கு அவள் போனது ஒரே ஒரு மதியம். அம்மா முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசுவதற்குள் "கிளம்பலாமா? இருட்டிடும்" என்று குரல் வந்திருக்கும். அவள் விடுமுறையைக் கழித்துவிட்டு வரவில்லை. வேலை செய்த களைப்போடும், சரியாகப் பேசாமல் வந்த ஏக்கத்தோடும் திரும்பியிருக்கிறாள். அவளிடம் போய், "லீவுதான் முடிஞ்சிடுச்சே, இன்னும் என்ன சோர்வு?" என்று கேட்கலாமா?

வீட்டு ஆண்களுக்கு என் வேண்டுகோள் இது. திரும்பி வந்த முதல் வாரத்தில் துணி மூட்டையும் பாத்திரமும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். ரெண்டு வேளையாவது நீங்கள் சமையுங்கள், தெரியாவிட்டால் கடையில் இட்லி வாங்கி வாருங்கள். முக்கியமாக, வருகிற சனி ஞாயிறில் ஒரு நாள் மனைவியை அவள் அம்மாவோடு ஆற அமர போனில் பேச விடுங்கள். அந்த நேரத்தில் "டீ இருக்கா?" என்று கேட்காதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் அவர்களுக்கு வீடு நிறைய ஆட்கள். அண்ணன், அத்தை மகள், சித்தப்பா பையன் என்று விளையாட ஒரு கூட்டம். ராத்திரி ஒரு மணி வரைக்கும் மொட்டை மாடியில் கதை. யாரும் "படி" என்று சொல்லவில்லை. திரும்பி வந்தால் ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் தனியாக ஹோம்வொர்க் நோட்டோடு உட்கார வேண்டும். ஒரு குழந்தைக்கு இது சின்ன இழப்பா? அழட்டும். "உனக்கு அவங்களை எல்லாம் தேடுதா?" என்று கேளுங்கள். அதன் பிறகு வருகிற பேச்சைக் கேட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு மருந்து தூக்கம். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் பரிந்துரை. ஒரு வாரம் கெட்டுப்போன தூக்கத்தை ஒரே ராத்திரியில் திருப்பிவிட முடியாது. நாளுக்குக் கால் மணி நேரம் முன்னதாகப் படுக்க வையுங்கள். காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் படட்டும், முடிந்தால் வாசலில் பத்து நிமிடம் நிற்கட்டும். காலை வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கிறது. பெரியவர்களுக்கும் இதேதான்.

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் இன்னொரு தொல்லை. மார்ச் நெருங்குகிறது, ரிவிஷன் டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பதற்றத்தில் பெற்றோர் சொல்லும் முதல் வார்த்தை, "ஊர் சுத்தினது போதும், இனிமே புத்தகத்தை எடு." இந்த ஒரு வாக்கியம், அந்தப் பிள்ளை ஊரில் சேர்த்துக்கொண்டு வந்த சந்தோஷம் முழுவதையும் குற்றமாக்கிவிடுகிறது. தாத்தா பாட்டியோடு நாலு நாள் இருந்ததற்கு அந்தப் பிள்ளை ஏன் வெட்கப்பட வேண்டும்? முதல் இரண்டு நாள் பிடித்த பாடத்தைக் கொஞ்சம் படிக்கட்டும். மூன்றாம் நாள் தானாகவே வேகம் வந்துவிடும்.

பணக் கவலையையும் சொல்லத்தான் வேண்டும். பஸ் டிக்கெட், எல்லோருக்கும் துணி, தங்கைக்குப் பொங்கல் சீர், ஊரில் கை நீட்டிய பிள்ளைகளுக்கெல்லாம் காசு. கணக்குப் பார்க்காமல் கொடுப்பதுதான் அழகு என்று கொடுத்துவிட்டு, மாசக் கடைசியில் கிரெடிட் கார்டு பில்லைத் தனியாகப் பார்த்துக்கொண்டு உட்காருகிறார் குடும்பத் தலைவர். அந்த மௌனம் வீடு முழுக்கப் பரவுகிறது. பிள்ளைகள் தங்கள் மேல்தான் கோபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு நோட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிப் பாருங்கள். இந்த மாதம் எதைக் குறைக்கலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று பேசிவிட்டால் போதும். தொகை குறையாவிட்டாலும் பாரம் ரெண்டு தோளுக்குப் பிரிந்துவிடும்.

இத்தனை பேரைச் சொன்னேன். ஆனால் இந்தச் சோர்வு மிக ஆழமாக இறங்கும் இடம், நாம் விட்டுவிட்டு வந்த அந்த ஊர் வீடு.

நினைத்துப் பாருங்கள். கார்த்திகை முடிந்ததிலிருந்தே அங்கே இருக்கும் தாத்தாவும் ஆச்சியும் நமக்காகத் தயாரானார்கள். முட்டி வலியோடு பரண் மேலிருந்து வெண்கலப் பானையை இறக்கினார்கள். பேரனுக்குப் பிடிக்கும் என்று ஒரு தார் வாழைக்காயைப் பழுக்க வைத்தார்கள். நாலு நாள் வீடு நிறைந்திருந்தது. பிறகு ஒரே சாயங்காலத்தில் எல்லோரும் கிளம்பிவிட்டோம். நமக்காவது மறுநாள் ஆபீஸ் இருக்கிறது, ஸ்கூல் இருக்கிறது. அவர்களுக்கு? கட்டிலுக்கு அடியில் பேரன் விட்டுப்போன செருப்பும், ரெண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தடுமாறும் கையும்தான் மிச்சம்.

நாம் செய்வது "வந்து சேந்துட்டோம்மா" என்று ஒரு போன். அதன் பிறகு பத்து நாளைக்குச் சத்தமில்லை. தெரிந்தே யாரும் இப்படிச் செய்வதில்லை. ஆனால் அவர்களுக்கு மிகவும் தேவைப்படும் நாட்கள் அந்தப் பத்து நாட்கள்தான். தினமும் ஐந்து நிமிடம் கூப்பிடுங்கள். பிள்ளையைப் பேச விடுங்கள். "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா?" என்பதோடு நிறுத்தாமல், அவர்களிடம் ஏதாவது கேளுங்கள். கொடுத்தனுப்பிய முருங்கைக்காயை என்ன செய்யலாம், பசு கன்று போட்டதா, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எப்போது என்று கேட்டால் குரலிலேயே தெம்பு வருவதைக் கவனிப்பீர்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் துணைக்கு யாருமில்லை என்று உணர்ந்தால், முதியோருக்கான உதவி எண் 14567 இருக்கிறது. அதையும் அவர்கள் போனில் பதிந்து வையுங்கள்.

வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் இருக்கும் வீடுகளின் கதை தனி. வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கும் லீவை இந்தப் பண்டிகைக்கென்று சேர்த்து வைத்து வருகிறார்கள். அது முடிந்து, துபாய்க்கோ ஷார்ஜாவுக்கோ சிங்கப்பூருக்கோ திருச்சி ஏர்போர்ட்டில் வழியனுப்பிவிட்டுத் திரும்பும் வேனில் ஒருவரும் பேச மாட்டார்கள். அப்பாவிடம் இப்போதுதான் ஒட்டிக்கொண்ட குழந்தை, ராத்திரி படுக்கையில் பக்கத்து இடத்தைத் தடவிப் பார்க்கும். இந்த வீடுகளில் "சும்மா அழாதே" என்ற பேச்சே வேண்டாம். அங்கே தனி ரூமில் இருப்பவருக்கும் இதே வலிதான். வீடியோ காலில் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை இரண்டு பக்கமும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

இந்த வருஷம் துக்கத்தில் இருந்ததால் பொங்கலே வைக்காத வீடுகளும் நம் வாசகர் குடும்பத்தில் உண்டு. ஊரெல்லாம் கொண்டாடி முடித்த இந்த நாட்கள் அவர்களுக்கு ஒரு வகையில் ஆசுவாசமாக இருக்கலாம். அவர்களைப் போய்ப் பார்த்து வர இதுவே நல்ல சமயம்.

சரி, நம் வீட்டுக்கான விடையாற்றியை எப்படி நடத்துவது?

அடுத்த முறைக்கு ஒன்று சொல்கிறேன். ஊரிலிருந்து ஒரு நாள் முன்னதாகக் கிளம்புங்கள். "இருக்கிறதே நாலு நாள், அதிலும் ஒண்ணைக் குறைக்கணுமா?" என்று மனசு கேட்கும். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2002-ல் பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், ஓர் அனுபவம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைவிட அதன் உச்சமும் முடிவும்தான் நினைவில் பதிகின்றன என்று காட்டினார். நின்றுகொண்டும் நசுங்கிக்கொண்டும் திரும்பும் கடைசி ராத்திரி, நாலு நாள் சந்தோஷத்தின் மேல் கறையாகப் படிய வேண்டுமா? ஒரு நாள் முன்னதாக வந்தால், குளித்துத் தூங்கி, பையைப் பிரித்து, ஊர்க் கதையைப் பேசிக்கொண்டே ரசம் சோறு சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். லீவு கிடைக்காதவர்கள் அந்த முதல் நாளிலாவது வேறு எந்த வேலையையும் வைத்துக்கொள்ளாமல் இருங்கள்.

இப்போது திரும்பி வந்துவிட்டவர்களுக்கு? ஒரு சாயங்காலம் டி.வி.யை அணைத்துவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, எடுத்த போட்டோக்களை ஒன்றொன்றாகப் பாருங்கள். ஊட்டிக்கும் மூணாறுக்கும் போனவர்களின் ஸ்டேட்டஸைப் பார்த்து ஏங்குவதைவிட, நம் தாத்தா மாட்டுக்குக் கொம்பில் வண்ணம் பூசுவதைப் பார்ப்பது மேல். அந்தப் போட்டோக்களில் ஒன்றைப் பிரிண்ட் போட்டு தாத்தாவுக்கு அனுப்புங்கள். பிறகு தினக் காலண்டரை எடுத்து, வருகிற வாரங்களில் ஏதாவது ஒரு நாளில் வட்டம் போடுங்கள். பெரிய செலவு வேண்டாம். தைப்பூசத்தன்று பக்கத்துக் கோயில், ஒரு சனிக்கிழமை பீச், பிள்ளையின் நண்பனை வீட்டுக்குக் கூப்பிட்டு தோசை. எதிர்பார்க்க ஒன்று இருந்தால் மனசு நிமிர்ந்து நடக்கும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தச் சோர்வு பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாகக் கரைந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் ஒருவருக்குத் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் நாட்டமில்லை, வாழ்ந்து என்ன என்பதுபோல் பேசுகிறார் என்றால், அதைப் பண்டிகை அலுப்பு என்று தள்ளிவிடாதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் 2022 முதல் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவதில் நமக்குக் கூச்சம் இல்லையே, இதற்கு மட்டும் ஏன்?

இன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்காரும்போது, உங்கள் வீட்டில் ஒவ்வொருவரிடமும் "உனக்கு ஊர்ல எதை விட்டுட்டு வர மனசே இல்லை?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு ஊருக்கும் ஒரு போன் போட்டு, அதே கேள்வியை அப்பா அம்மாவிடமும் கேளுங்கள். உங்கள் வீட்டில் என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்